நடுவர் பார்க்காத பக்கம்

1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. தென்னிந்தியாவின் விளைபொருள்களையும் கலைகளையும் கைத்தொழில்களையும் ஒரே இடத்தில் மக்கள் பார்வைக்கு வைப்பது அதன் நோக்கம். அங்கே மதராஸ் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப் 68 ஒளிப்படங்களை வைத்தார். ஹளேபீடு, பேலூர் உள்ளிட்ட மைசூர் நாட்டுக் கோவில்களின் படங்கள் அவை. அதற்கு முன் கேமராவே போகாத இடங்கள். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இதுதான் தலைசிறந்த தொகுப்பு என்று நடுவர் குழு முடிவு சொன்னது. நம் பக்கத்தில் ஒளிப்படத்தை நடுவர் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்ட மிகப் பழைய நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

டிரைப் படம் எடுத்தது மெழுகுக் காகித முறையில். மெல்லிய தாளை உருக்கிய மெழுகில் ஊறவைத்து, பிறகு அயோடைடு கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் நனைத்து உலர்த்திக்கொள்வார்கள். அந்தத் தாளே நெகட்டிவ். கண்ணாடித் தகட்டை ஈரம் காயும் முன்பே பயன்படுத்தியாக வேண்டும். மெழுகுத் தாளையோ பல நாள் முன்பே தயாரித்து எடுத்துப் போகலாம். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு இது பெரிய வசதி. ஒரு குறையும் இருந்தது. அந்தக் கால ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். வானம் வெளுத்துவிடும், மர இலைகள் கரிக்கட்டியாகிவிடும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் பூசி இலைகளுக்கு உருவம் கொடுத்தார், வெறும் வானத்தில் மேகம் வரைந்தார். அச்சில் பார்ப்பவருக்கு அது மேகமாகவே தெரியும். நடுவர் கையில் வருவது அச்சு; தூரிகை பட்ட நெகட்டிவ் படமெடுத்தவரின் பெட்டியிலேயே இருக்கும். போட்டிக்குப் படம் தயாரிப்பது என்ற வேலையின் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றியதுதான்.

டிரைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பர்மாவுக்குத் தூதுக்குழுவோடு போய் வந்த பிறகு மதராஸ் அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளராக்கியது. 1857 கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 நெகட்டிவ்களில் பகுதி பகுதியாகப் பிடித்து, அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஆக்கினார். கணினி இல்லாத காலத்துப் பனோரமா அது. அச்சுகள் சேருமிடத்தில் எழுத்துகள் வழுவாமல் பொருந்த அவர் பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசுக் கஜானாவுக்கு இது தாங்காத ஆடம்பரம் என்று வேலையை நிறுத்திவிட்டார். தென்னாட்டின் காட்சி வரலாற்றுக்கு அது பேரிழப்பு.

படமெடுப்பவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைப்பதும், சங்கம் கூடி ஆண்டுக்கொரு கண்காட்சி நடத்துவதும் அந்தக் காலத்தில்தான் பழக்கமாயின. லண்டனில் 1852 கடைசியில் கலைச் சங்கத்தின் கட்டடத்தில் ஒளிப்படத்துக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. மறு ஆண்டு லண்டன் ஒளிப்படச் சங்கம் பிறந்தது. பின்னாளில் அரச ஒளிப்படச் சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான். 1854 ஜனவரியில் அது நடத்திய முதல் கண்காட்சியைப் பார்க்க விக்டோரியா அரசியே கணவரோடு வந்தார். 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் அதற்கு முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர், இன்றைய கவின்கலைக் கல்லூரிக்கு 1850இல் வித்திட்டவர்.

சங்கங்கள் வந்ததும் சண்டையும் வந்தது. 1857இல் மான்செஸ்டர் கலைக் கண்காட்சியில் ஆஸ்கர் ரெய்லாண்டர் ஒரு பெரிய படத்தை வைத்தார். ஒரு முதியவர் இரண்டு இளைஞர்களுக்கு வாழ்க்கையின் இரு வழிகளைக் காட்டுகிறார். ஒருபுறம் ஒழுக்கம், மறுபுறம் கேளிக்கை. முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றாக ஒரே தாளில் அச்சிட்டு உருவாக்கிய படம் அது. அதை அரசி விலை கொடுத்து வாங்கினார். ஸ்காட்லாந்துச் சங்கத்திலோ முதலில் மறுத்துவிட்டு, பிறகு கேளிக்கைப் பக்கத்தை மூடிவைத்துக் காட்டினார்கள். அங்கே கண்ணை உறுத்தியது ஆடையில்லாத உருவங்கள். ஆனால் இன்னொரு கேள்வியும் கூடவே எழுந்தது. ஒட்டிச் சேர்த்ததை ஒளிப்படம் என்று சொல்லலாமா? ரெய்லாண்டர் தன் முறையை மறைக்கவில்லை. எப்படிச் செய்தேன் என்று சங்கத்தாரிடம் விளக்கினார். 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் போட்டி விதிகள் எழுதுகிறவர்கள் அந்தக் கேள்விக்குத்தான் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

1892இல் லண்டன் சங்கத்தின் போக்குப் பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் ‘இணைந்த வளையம்’ என்ற பொருளுள்ள பெயரில் தனிக் குழு அமைத்தார்கள். மறு ஆண்டு அவர்கள் நடத்திய கண்காட்சிக்கு, பாரிஸ் ஓவியர்களின் வழக்கப்படி, சலோன் என்று பெயர் வைத்தார்கள். அங்கே பதக்கம் கிடையாது. படம் சுவரில் மாட்டப்பட்டால் அதுவே மரியாதை. ‘அக்செப்டன்ஸ் கிடைத்தது’ என்று இன்று சலோன்காரர்கள் பெருமையாகச் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இது உலகம் முழுவதும் பரவிய ஏற்பாடாயிற்று. அமெரிக்க ஒளிப்படச் சங்கம் 1934இல் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டாக்டர் மொரிஸ் வான் டி வெய்யர் முயற்சியில், பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் ‘ஃபியாப்’ எனப்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது. இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு 1953இல். எத்தனை நாடுகளில், எத்தனை சலோன்களில் ஒருவருடைய படம் ஏற்கப்பட்டது என்று கணக்கு வைத்து, பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளும் வழக்கமும் வந்தது. அலுவலக வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் கேமராவைத் தூக்கும் ஒருவர், ஊரை விட்டு நகராமலேயே ஐரோப்பிய நகரம் ஒன்றின் சுவரில் தன் படத்தை மாட்ட முடிந்தது. பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் போன்றவர்கள் உலகுக்குத் தெரிந்தது இந்த வழியில்தான்.

அஞ்சலில் பறந்த அந்த ஒரு பிரிண்ட் எப்படித் தயாரானது என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். இருட்டறையில் சிவப்பு விளக்கு. என்லார்ஜரில் நெகட்டிவ். முதலில் பேப்பரை விரல் அகலத் துண்டாக வெட்டி, சில விநாடி இடைவெளிவிட்டு வெளிச்சம் காட்டி, எத்தனை விநாடி சரி என்று சோதனை. பிறகு முழுத் தாள். முகம் கறுக்கிறதா? கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை ஒளிக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் அட்டையின் விளிம்பு படத்தில் விழுந்துவிடும். வானம் வெளுக்கிறதா? மற்ற இடத்தையெல்லாம் உள்ளங்கையால் மறைத்து வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி. அப்புறம் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ என்று மூன்று தட்டு, அதன் பின் ஓடும் தண்ணீரில் நெடுநேரக் கழுவல். ஹைப்போ மிச்சம் இருந்தால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளாகிவிடும்.

உலர்ந்த பிறகும் வேலை முடியாது. நெகட்டிவில் ஒட்டியிருந்த தூசு பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மிக மெல்லிய தூரிகையின் நுனியில் சாம்பல் மையைத் தொட்டு, சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கும்வரை ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டு மறைக்க வேண்டும். ஒரு சொட்டு அதிகமானால் பிரிண்ட் போச்சு. பிறகு அட்டையில் மவுண்ட் செய்து, பின்பக்கத்தில் தலைப்பு, பெயர், நாடு, வரிசை எண் எழுத வேண்டும். முன்பக்கத்தில் பெயர் கூடாது. நடுவருக்கு ஆள் தெரியக்கூடாது. இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அயல்நாட்டுக்குப் பணம் அனுப்புவது இந்தியாவில் எளிதாக இல்லாத காலம் அது. தபால் செலவுக்கு, உலகத் தபால் ஒன்றியம் 1906இல் ஏற்பாடு செய்த பன்னாட்டு மறுமொழிக் கூப்பன்கள் கைகொடுத்தன.

மாதங்கள் கழித்து அந்தப் பொட்டலம் திரும்பி வரும். ஏற்கப்பட்டிருந்தால் பிரிண்டின் பின்பக்கத்தில் அந்த சலோனின் வண்ண லேபிள் ஒட்டியிருக்கும். பல நாடுகள் சுற்றிய பிரிண்டின் முதுகு முழுக்க லேபிள்களாக இருக்கும். பழைய சங்கங்களின் அலமாரிகளில் அப்படிப்பட்ட பிரிண்ட்கள் இன்றும் கிடைக்கும். அவற்றை யாராவது புரட்டிப் பார்த்து, பின்பக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்து வைத்தால் நல்லது. ஒரு படம் எங்கெல்லாம் போயிற்று என்பதற்கு வேறு பதிவேடு பெரும்பாலும் இல்லை.

இந்தக் கதையில் நீலகிரிக்கும் இடமுண்டு. பிலிமும் பேப்பரும் இறக்குமதிச் சரக்காக இருந்த நிலையை மாற்ற, மத்திய அரசு 1960இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி உதகமண்டலத்தில் ஆலை அமைத்தது. பிலிம் பூச்சுக்குக் குளிர்ந்த, தூசு இல்லாத காற்று வேண்டும். ஊட்டி பொருத்தமான இடம். 1967இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை பிலிமும் பேப்பரும் ஸ்டூடியோக்களிலும் அமெச்சூர்களின் இருட்டறைகளிலும் புழங்கின. வண்ணப் படம் பரவியதும் ஆலை நலிந்தது, டிஜிட்டல் வந்ததும் மீள வழியில்லாமல் போயிற்று.

கடல் தாண்டி இலங்கையில் லயனல் வெண்ட்டின் கதை வேறொன்றைச் சொல்கிறது. 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர் வழக்கறிஞர், பியானோக் கலைஞர், எல்லாவற்றுக்கும் மேலாக இருட்டறையின் மேதை. படத்தின் ஒளி நிழலைத் தலைகீழாக்கும் சோலரைசேஷன், பல நெகட்டிவ்களைச் சேர்க்கும் மான்டாஜ் எல்லாம் அவர் கையில் விளையாடின. 1938இல் லண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. அவர் இறந்த பின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று அவர் எந்த இடத்தில் என்ன செய்தார் என்று தேடுகிற ஆய்வாளருக்கு மிஞ்சியவை பிரிண்ட்கள் மட்டும்தான்.

வண்ண சலோன்களில் பிரிண்டுக்குப் பதில் ஸ்லைடு கோலோச்சியது. 24க்கு 36 மில்லிமீட்டர் பிலிம், 50 மில்லிமீட்டர் சதுர மவுண்டுக்குள். ஸ்லைடை நேராகப் பிடித்துப் பார்க்கும்போது இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். புரொஜெக்டரில் ஸ்லைடு தலைகீழாகப் போகும். அந்தப் பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்துச் செருகினால் திரையில் படம் நேராக விழும். பொட்டு மாறி ஒட்டியவரின் படம் நடுவர் முன் தலைகீழாகவோ இடவலம் மாறியோ நிற்கும். இந்த முறையில் நெஞ்சை அழுத்தும் ஒரு கவலையும் இருந்தது. பிரிண்டுக்குப் பின்னால் நெகட்டிவ் வீட்டில் இருக்கும். தொலைந்தால் இன்னொன்று போடலாம். ஸ்லைடில் கேமராவுக்குள் இருந்த பிலிமேதான் அஞ்சலில் போகும். நகல் எடுத்தால் நிழல் அடைத்துவிடும், நிறம் தடித்துவிடும், நடுவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒரே ஒரு அசலைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். மறுபுறம், அனுப்பியதே அசல் என்பதால் ஏமாற்றும் கடினமாக இருந்தது. சலோன் வரலாற்றில் நடுவரும் அசலும் நேருக்கு நேர் சந்தித்த காலம் அது ஒன்றுதான்.

1991இல் கோடாக் நிறுவனம் நிக்கான் எஃப்3 கேமராவின் உடலில் பொருத்திய டிஜிட்டல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் திறன் 13 லட்சம் பிக்சல். அதற்கு முந்திய ஆண்டுதான் போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்திருந்தது. கோடாக் கருவி வந்த மறு ஆண்டு, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை தரமாக்கப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த மூன்றும் சேர்ந்து சலோனை மாற்றிவிட்டன. முதலில் படங்கள் குறுந்தட்டில் எழுதப்பட்டு அஞ்சலில் போயின. பிறகு அஞ்சலே தேவைப்படவில்லை. பொட்டலம் கட்டும் கயிறு, கூப்பன், மாதக்கணக்கான காத்திருப்பு எல்லாம் போயின. அமெச்சூர்களுக்கு இதைவிடப் பெரிய விடுதலை கிடைத்ததில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

இருட்டறை போனாலும் தயாரிப்பு வேலை போகவில்லை. புரொஜெக்டர் எத்தனை பிக்சல் காட்டுமோ அதுவே போட்டியின் அளவாயிற்று. தொடக்கத்தில் 1024க்கு 768. பிரிட்டிஷ் சங்கங்களில் 1400க்கு 1050, பிறகு 1600க்கு 1200. பல பன்னாட்டு சலோன்களில் இப்போது 1920க்கு 1080. கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 2.4 கோடி பிக்சல் கேமராவில் 6000க்கு 4000 என்று எடுத்த கிடைமட்டப் படம், 1080 உயரத்துக்குள் அடங்க 1620க்கு 1080 ஆகிவிடும். அதாவது சுமார் 17.5 லட்சம் பிக்சல். இன்றைய நடுவர் திரையில் காண்பது, 1991இல் வந்த அந்தக் கோடாக் கருவி எடுத்ததைவிடக் கொஞ்சம்தான் பெரிது! செங்குத்தாக எடுத்த படத்தின் பாடு இன்னும் மோசம்: 720க்கு 1080, எட்டு லட்சத்துக்கும் குறைவு. கோபுரத்தை நிமிர்த்திப் பிடித்தவரின் படம், ஏரியைப் படுக்கை வாட்டில் எடுத்தவரின் படத்தில் பாதியளவுகூட இல்லாமல் திரையின் நடுவே ஒடுங்கி நிற்கும். இது நியாயமில்லை. சதுர எல்லை வைக்கும் போட்டிகளே இதைச் சரிசெய்கின்றன. மற்றவையும் அந்த வழிக்கு வர வேண்டும்.

நிறத்திலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து சாதாரணக் கணினித் திரைக்காக முன்மொழிந்த வண்ண எல்லை. அடோப் ஆர்ஜிபி என்பது 1998இல் அச்சு வேலையை மனத்தில் வைத்து வந்தது, இன்னும் அகலமானது. அகலமானதுதானே நல்லது என்று அதிலேயே சேமித்து அனுப்புகிறவர்கள் உண்டு. திரையிடும் மென்பொருள் பைலில் உள்ள வண்ணக் குறிப்பைப் படிக்காவிட்டால், ஒவ்வொரு எண்ணையும் குறுகிய எல்லையின் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். விளைவு, பட்டுச் சேலையின் அரக்குச் சிவப்பும் கிளிப்பச்சையும் சாயம் போனதுபோல் மங்கி நிற்கும். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி அனுப்புங்கள் என்று பெரும்பாலான விதிமுறைகள் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான். ‘300 டிபிஐ’ என்ற எண்ணைப் பற்றிய கவலையோ திரைக்கு வீண். அது அச்சுக்காரருக்கான குறிப்பு. திரையில் கணக்கு பிக்சல்தான்.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்குகிறது. ஒருமுறை என்றால் தெரியாது. திறந்து, திருத்தி, மறுபடி சேமித்து, மறுபடி திறந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். முதலில் வானத்தில் படி படியாகக் கோடு விழும். பழகியவர்கள் திருத்த வேலை எல்லாவற்றையும் வேறு வடிவில் முடித்து, கடைசியில் அளவைக் குறைத்து, குறைத்த பிறகு இழந்த கூர்மையைச் சற்றே ஏற்றி, ஒரே ஒருமுறை ஜேபெக் ஆக்குவார்கள். கூர்மையை அளவுக்கு மீறி ஏற்றினால் பறவையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு பளிச்சிடும். நடுவர்கள் அதை முதலில் பார்த்துவிடுவார்கள்.

பெயர் மறைப்பு மட்டும் மாறவே இல்லை. படத்தின் மூலையில் கையெழுத்தோ வாட்டர்மார்க்கோ இருந்தால் பெரும்பாலான இடங்களில் தள்ளுபடி. பிரிண்டின் முதுகில் எழுதியதெல்லாம் இப்போது பைலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எக்சிஃப் என்ற குறிப்புத் தொகுதி 1995இல் ஜப்பானியத் தொழில் அமைப்பு வகுத்தது. கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம், தேதி, நேரம் அனைத்தும் அதில் பதிவாகும்.

அசலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது ஏமாற்றுதான். ஒரு விலங்கு இதழ் 1965இல் தொடங்கி, இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டிக்கு அண்மை ஆண்டுகளில் 50,000 படங்களை ஒட்டியும் தாண்டியும் வருகின்றன. அதன் 2009ஆம் ஆண்டு முதற்பரிசு, வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய்க்குக் கிடைத்தது. கதைப் புத்தகத்திலிருந்து குதித்து வந்தது போன்ற படம். அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நிபுணர்கள் கருத்துச் சொன்னதால் 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். 2017இல் பிரேசிலின் கரையான் புற்று ஒன்றை எறும்புண்ணி நாடும் இரவுக் காட்சிக்குப் பரிசு. அந்த எறும்புண்ணியின் மயிர்க்குறிகளும் பூங்காவின் வாசலில் வைத்திருந்த பாடம் செய்த எறும்புண்ணியின் குறிகளும் ஒத்துப்போவதாக ஐந்து நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார்கள். அருங்காட்சியகம் அதே இரவில் எடுத்த மற்ற ரா பைல்களை, அதாவது கேமரா பதிவு செய்தபடியே உள்ள, திருத்தாத மூல பைல்களைக் கேட்டது. முன்னும் பின்னும் எடுத்தவை வந்தன. விலங்கு இருக்கும் இன்னொரு படம் வரவில்லை. பரிசு ரத்தானது. அவரும் குற்றச்சாட்டை மறுத்தார்.

செய்திப் படத்தில் விதி இன்னும் கடுமை. 1955இல் நெதர்லாந்தில் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், 2010இல் உக்ரைன் கலைஞர் ஒருவரின் தெருச்சண்டைப் படத் தொகுப்பு தகுதி இழந்தது. அவர் ஒரு படத்தைப் பெரிதும் வெட்டிச் சுருக்கியிருந்தார், கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார், தோற்றத்தையே பெரிதும் மாற்றியிருந்தார். அவை எதுவும் குற்றமாகவில்லை. பின்னணியில் தெரிந்த ஒருவருடைய பாதத்தின் சிறு துணுக்கை அழித்திருந்தார், அதுதான் குற்றமாயிற்று. பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றினாலும் இந்த விதியில் தெளிவு இருக்கிறது. இருந்ததைக் கூட்டிக் குறைத்துக் காட்டலாம், இருந்ததை இல்லாமல் ஆக்கக்கூடாது. 2015இல் கடைசிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களை அசல் பைல்களோடு ஒப்பிட்டபோது ஐந்தில் ஒன்று விழுந்தது. உலகின் தேர்ந்த செய்திப் படக்காரர்களிடையே இப்படி என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

இயற்கைப் படங்களுக்கு ஃபியாப், அமெரிக்கச் சங்கம், அரச சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரே வரையறை வகுத்தன; 2015இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது; ஓரம் வெட்டுவது, ஒளி சரிசெய்வது, முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குவது சரி. மனிதக் கைவேலை படத்தில் தெரியக்கூடாது, ஆனால் மனிதர் அமைத்த சூழலுக்குப் பழகிவிட்ட கூகை, நாரை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரை ஊருக்குள் வீட்டோர மரத்திலேயே கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு தெரிந்தால் அது இயற்கையின் கதையேதான். வரையறை எழுதியவர்கள் அதற்கு இடம் வைத்தது நல்ல காரியம்.

இப்போது கேமராவே இல்லாமல் படம் வருகிறது. 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தை சோனி உலக ஒளிப்பட விருதுக்கு அனுப்பி, ஒரு பிரிவில் பரிசும் பெற்று, பிறகு அதை ஏற்க மறுத்தார். போட்டிகள் இதற்குத் தயாரா என்று சோதிக்கவே அனுப்பினேன் என்றார். மறு ஆண்டு இன்னொருவர் எதிர்த்திசையில் போனார். தலை தெரியாமல் உடலுக்குள் வளைத்து வைத்த பூநாரையின் உண்மைப் படத்தை, வேறொரு போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பிப் பரிசு வாங்கிவிட்டு உண்மையைச் சொன்னார். அவர் தகுதி நீக்கப்பட்டார். கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது இரண்டு பக்கமும் நிரூபணமாகிவிட்டது. படம் பிறந்த கணத்திலேயே கேமரா மின்கையெழுத்துப் போட்டு, பிறகு நடக்கும் திருத்தங்களையும் கூடவே பதிவு செய்யும் முறை வந்துகொண்டிருக்கிறது. 2023இல் வெளிவந்த லைக்கா எம்11-பி அதைக் கொண்ட முதல் கேமரா. அது எல்லார் கைக்கும் வரும்வரை ரா பைல்தான் சாட்சி.

ஆகவே போட்டிக்கு அனுப்ப நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் அளவு, வண்ண எல்லை, பைலின் பெயர் வைக்கும் முறை ஆகியவற்றை விதிகளில் ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். அது பத்து நிமிட வேலை. அதைவிட முக்கியம், தேர்ந்தெடுத்த படத்தின் ரா பைலையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் பெயர் மாற்றாமல் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். கார்டில் இடம் வேண்டும் என்று அழித்துவிடாதீர்கள். பெரிய போட்டிகள் அவற்றைக் கேட்பது படம் கடைசிச் சுற்றுகளை எட்டிய பிறகுதான். அனுப்பக் கொடுக்கும் அவகாசமும் சில நாட்கள்தான்.